டெபியன் நிறுவும்போதே பார்வை வசதிகளையும் மென்பொருள்களையும் தேர்வு செய்வது எப்படி?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சித்தப்பாவுக்கு கிளாக்கோமா. நேரே இருப்பது கொஞ்சம் தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. போன மாதம் அவருடைய பழைய கணினியில் டெபியன் 12 (லினக்ஸ் வகை இலவச இயங்குதளம்) நிறுவினோம். பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, விசைகளை அழுத்தியது அவர்தான். பார்வை குறைந்தவர்கள் இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் நிறுவ வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்வதுவரை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. பூட் மெனு வந்ததும் ‘பீப்’ என்று ஒலிக்கும். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் என்றால் ஒரு முறை, புதிய யூஈஎஃப்ஐ என்றால் இரண்டு முறை. மெனு கண்ணில் படாதவருக்கு அந்த ஒலிதான் அடையாளம். திரை அறவே தெரியாதவர்கள் ‘எஸ்’ எழுத்தை அழுத்தி என்டர் தட்டினால் இன்ஸ்டாலர் பேசத் தொடங்கும். முதலில் வரும் மொழிக் கேள்வியை ஆங்கிலத்தில் வாசிக்கும். ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு ‘டி’ (D) எழுத்து: கறுப்புப் பின்னணியில் எழுத்து பளிச்சென்று தெரியும் மெனு வரும். சித்தப்பாவுக்கு இதுதான் ஒத்துவந்தது. அதில் எழுத்துவடிவ இன்ஸ்டாலைத் தேர்ந்தெடுத்தோம்.

2. மொழி, விசைப்பலகை, வைஃபை எல்லாம் வழக்கம்போலத்தான். ரூட் (தலைமை நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்லை மட்டும் காலியாக விடுங்கள். அப்போதுதான் முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகியாகக் கட்டளை கொடுக்கும் உரிமை, கிடைக்கும்.

3. மென்பொருள் தேர்வு. நான் சறுக்கிய இடம் இது, நிதானமாகப் படியுங்கள். ‘டெபியன் டெஸ்க்டாப்’, ‘க்னோம்’ (ஒரு வகை டெஸ்க்டாப்), கடைசியில் உள்ள ‘ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யுடிலிட்டீஸ்’ ஆகிய மூன்றிலும் ஏற்கெனவே நட்சத்திரக் குறி இருக்கும். கீழே என் மடிக்கணினியிலிருந்தே அவருக்கு உதவ எஸ்எஸ்ஹெச் சர்வரும் (வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைய வழி தருவது) வேண்டியிருந்தது. “அந்த வரிக்குப் போய் என்டர் தட்டுங்க சித்தப்பா” என்றேன். தட்டினார். பட்டியல் மறைந்து, பதிவிறக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. “டேய், அது பாட்டுக்குப் போகுதே!” என்றார்.

இந்தத் திரையில் குறி போடுவதும் எடுப்பதும் ஸ்பேஸ் பார். என்டர் என்றால் ‘தேர்வு முடிந்தது, மேலே போ’ என்று பொருள். மேலும் கீழும் நகர அம்பு விசை, குறி போட ஸ்பேஸ், எல்லாம் சரி என்று ஒரு முறை பார்த்த பிறகே என்டர். க்னோம் வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் போதும் என்பவர்கள் க்னோமின் குறியை எடுக்க மறக்காதீர்கள். மறந்தால் இரண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தவறவிட்டாலும் திரும்ப நிறுவ வேண்டியதில்லை. கணினி தயாரானதும் டெர்மினலில் சூடோ சேர்த்து ‘டாஸ்க்செல்’ கட்டளையை (sudo tasksel) கொடுத்தால் அதே பட்டியல் மறுபடி வரும். எஸ்எஸ்ஹெச்சை நாங்கள் அப்படித்தான் சேர்த்தோம்.

எதைத் தேர்வது? பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்றுதான் பலரும் சொல்வார்கள், வேகத்துக்கு அது சரிதான். ஆனால் பார்வை குறைந்தவருக்கு என்றால் நான் க்னோமைத்தான் சொல்வேன். ஓர்கா திரைவாசிப்பான், உருப்பெருக்கி, பெரிய எழுத்து எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. வெப் சர்வர் வீட்டுக் கணினிக்கு வேண்டாம்.

4. முதல் முறை உள்ளே நுழைந்ததும் விண்டோஸ் விசை, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஓர்கா பேசும். மறுபடி அழுத்தினால் நிற்கும். அப்புறம் ஒன்று: கடவுச்சொல் கேட்கும் திரைக்கு அமைப்புகள் தனி. உள்ளே எழுத்தைப் பெரிதாக்கினாலும் அங்கே சிறியதாகவே இருக்கும். அந்தத் திரையின் மேல் மூலையில் உள்ள மனித உருவக் குறியைத் திறந்து, அங்கேயும் ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ‘எஸ்’ அழுத்தியும் சத்தமே வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒலி அட்டை ஒன்றுக்கு மேல் இருந்தால், இன்ஸ்டாலர் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்கும். உங்கள் ஸ்பீக்கரில் குரல் கேட்கும் அந்த நேரத்தில் என்டர் தட்ட வேண்டும். அவருக்குக் குரல் எச்டிஎம்ஐ வழியாக, ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்குப் போயிருக்கிறது. அவசரப்பட்டு முதலிலேயே என்டர் தட்டியிருக்கிறார். இரண்டாவது முறை காத்திருந்து தட்டியதும் பேசிவிட்டதாம்.