ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை கிராம்? வீட்டிலேயே அளந்து பாருங்கள்

சேலத்தில் சித்திரை மத்தியானத்தில் ஒரு லிட்டர் கடலை எண்ணெயை எடை போடுங்கள், அப்புறம் மார்கழிக் காலையில் ஏற்காட்டில் அதே எண்ணெயில் ஒரு லிட்டர் அளந்து எடை போடுங்கள். மலைமேல் ஏறக்குறைய 15 கிராம் கூடுதலாக நிற்கும். சூட்டில் எண்ணெய் விரிகிறது, அதனால் ஒரு லிட்டருக்குள் அடங்கும் சரக்கு குறைகிறது, அதாவது அடர்த்தி குறைகிறது.

மலை ஏறாமலும் பார்க்கலாம். குறுகிய வாயுள்ள அரை லிட்டர் கண்ணாடி பாட்டில், ஒரு கிராம் வரை காட்டும் தராசு, சமையலறை வெப்பமானி போதும் (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம், அது 42 டிகிரியோடு நின்றுவிடும்). வெறும் பாட்டிலை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாய்வரை எண்ணெய் ஊற்றி எடை போட்டு, பாட்டில் எடையைக் கழியுங்கள். 30 டிகிரியில் 455 கிராம் அளவில் வரும்.

இப்போது போசிக்குள் ஒரு துணியை விரித்து, பாட்டிலை மூடியில்லாமல் நிறுத்தி, பச்சைத் தண்ணீரை முக்கால் உயரம் ஊற்றி, சிறுதீயில் வையுங்கள். கொதிநீரில் திடீரென்று வைத்தால் கண்ணாடி வெடித்துவிடும், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எண்ணெய் மெல்ல வழியும், துடைத்துக்கொண்டே இருங்கள். 60 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து, நடு எண்ணெயும் சூடாகப் பத்து நிமிடம் விட்டு, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து எடை போடுங்கள். பாட்டில் நிறைந்துதான் இருக்கும், எடை மட்டும் 10 கிராம்போலக் குறைந்திருக்கும். தண்ணீரில் செய்தால் 6 கிராம்தான் குறையும்.

இது வெறும் விளையாட்டு இல்லை. சிலர் பாக்கெட்டில் 60 டிகிரியில் இத்தனை மில்லி என்று அச்சிட்டு, குறைந்த எடையை ஒரு லிட்டராக விற்றார்கள். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம்தான். 2022 ஆகஸ்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் அளவோடு எடையையும் அச்சிடச் சொன்னது. ஆகவே கடையில் கிராமைப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் இன்னும் அழகு. 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், அதனால் ஏற்காட்டுக் குளிரில் பாட்டிலைத் திறந்தால் வெள்ளையாக உறைந்து நடுவில் குழி விழுந்திருக்கும். உறையும்போது சுருங்கியதன் அடையாளம் அது.