பத்துக்குப் பத்து அறைக்கு மைக் வாங்கும்போது செய்யும் தவறுகள்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பதினைந்தாயிரத்துக்குள் எந்த மைக் நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள்?" பலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படுகிறது. ஆனால் பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் ரூபாய் வரை செலவழித்த பிறகும் குரல் குளியலறையில் பாடியது போல் கேட்டால், குற்றம் பெரும்பாலும் மைக்கின் மேல் இல்லை.

நம் வீட்டுப் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் ஏறக்குறைய அதேதான். சிமெண்ட் பூசிய சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், ஓர் இரும்பு பீரோ. ஒலி விநாடிக்குச் சுமார் 1130 அடி ஓடும். பத்தடி இடைவெளியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே அது மோதி மோதித் திரும்பும்போது 56 ஹெர்ட்ஸிலும், அதன் இரு மடங்கான 113 ஹெர்ட்ஸிலும் அறையே சேர்ந்து ரீங்கரிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவென்றால் மூன்று பக்கத்து ரீங்காரமும் அதே இடத்தில் வந்து குவியும். பேசும்போது ஆண் குரலின் அடிச்சுருதி பொதுவாக 85 முதல் 155 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். கீழ் ஸ்தாயியில் பாடும்போது சில ஸ்வரங்களில் மட்டும் குரல் பானைக்குள் இருந்து வருவது போல் உப்பிக்கொள்வது இதனால்தான். எந்த விலை மைக்கும் இதைச் சரிசெய்யாது. நல்ல மைக் என்றால் அந்த உப்பலையும் இன்னும் தெளிவாகப் பிடித்துக் கொடுக்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன்பே அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பளீரென்று கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'டிர்ர்' என்று ஒரு வால் நீண்டால் பட்ஜெட்டில் கொஞ்சத்தை அங்கே ஒதுக்குங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. ஓர் அங்குல ஃபோமும் மேல் ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு, கீழே உள்ள உப்பலை அப்படியே விட்டுவிடும். அதைவிட, வீட்டில் இருக்கும் கனமான இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தால் வித்தியாசம் உடனே காதில் தெரியும். கார்டியாய்டு என்ற வகை மைக்குக்கு முன்பக்கத்து ஒலிதான் நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் மந்தம். பாடுகிறவரின் பின்சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலி நேராக அதன் முன்பக்கத்துக்குத்தான் போகிறது. அதனால் மெத்தை வேண்டிய இடம் அதுதான். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும்.

"டைனமிக் மைக் வாங்கினால் அறைச் சத்தம் வராது" என்ற நம்பிக்கை அடுத்தது. டைனமிக் என்பது மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை; கண்டன்ஸர் என்பது ஸ்டுடியோக்களில் அதிகம் காணும், மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும் நுட்பமான வகை. பாதி உண்மை என்பதால் இது இன்னும் ஆபத்து. ஒரு டைனமிக்கையும் ஒரு கண்டன்ஸரையும் ஒரே தூரத்தில் வைத்து, ஒலியளவைச் சமமாக்கிக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் கார்டியாய்டு என்றால் அறை ஏறத்தாழ ஒரே அளவுதான் கேட்கும். டைனமிக்கில் குறைவாகத் தோன்றக் காரணம், நாம் வாயை அதில் ஒட்டிக்கொண்டு பாடுவது. இரண்டடி தூரத்தை ஒரு அடியாக்கினால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடுகிறது, அறையின் எதிரொலி அப்படியே இருக்கிறது. வேலை செய்வது அந்தத் தூரம். ஒன்றரைச் சாண் தள்ளி நின்று பாடுகிறவருக்கு டைனமிக் எந்த உதவியும் செய்யாது.

டைனமிக்தான் வேண்டும் என்று முடிவு செய்தாலும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக்கைப் பலரும் வீடியோவில் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அதற்குக் கிட்டத்தட்ட 60 டெசிபல் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, தேவை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறை கொடுப்பது அதிகபட்சம் 56. நான்காம் தலைமுறை 69 வரை போகும். பழையதை வைத்திருப்பவர் குமிழை முழுக்கத் திருகியும் போதாமல், நடுவில் வைக்க ஒரு பூஸ்டரும் வாங்க வேண்டி வரும். பட்ஜெட் அங்கேயே உடைந்துவிடும்.

அப்புறம், பளபளப்பில் ஏமாறுவது. இதை நானே செய்திருக்கிறேன். கடையில் இரண்டு கண்டன்ஸர்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று சாதாரணமாக இருந்தது, மற்றது 'அட, ரெக்கார்டிங் தியேட்டர் மாதிரி' என்று தோன்றியது. இரண்டாவதையே வாங்கினேன். வீட்டில் அக்கா மகள் பாடினாள். முதல் சரணத்தில் 'வாசம்', 'நேசம்' என்று வந்த இடத்திலெல்லாம் 'ச' ஊசி மாதிரி குத்தியது. ஒரு டிராக்கில் தாங்கிக்கொள்ளலாம். அவள் குரலையே நான்கு அடுக்காகப் போட்டபோது ஹெட்ஃபோனைக் கழற்ற வேண்டியதாயிற்று.

இதற்குப் பின்னால் ஒரு பொறியியல் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1960-ல் கொண்டுவந்த யு67 மைக்கின் கேப்ஸ்யூல், அதாவது ஒலியைப் பிடிக்கும் உள்பகுதி, இயல்பிலேயே மேல் அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும். உள்ளே இருக்கும் சர்க்யூட் அந்தத் தூக்கலைக் கீழே இறக்கிச் சமன் செய்யும். பிறகு வந்த விலை குறைந்த மைக்குகள் பல அந்த கேப்ஸ்யூலின் அமைப்பை மட்டும் நகலெடுத்தன. இறக்கும் சர்க்யூட்டை விட்டுவிட்டன. ஒரு நிமிடம் கேட்டால் அது தெளிவு, ஒரு மணி நேரம் கேட்டால் தலைவலி. கடையில் கேட்கும்போது 'ச', 'ஸ', 'ஷ' நிறைய வரும் வரியை நீங்களே பாடிப் பதிவு செய்து, உங்கள் சொந்த ஹெட்ஃபோனில் கேளுங்கள். சாதாரணமாகத் தோன்றும் மைக்கை இன்னொரு தடவை கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

மைக்கே எழுப்பும் சொந்த இரைச்சலின் எண்ணை (குறைந்தால் நல்லது) வைத்து மட்டும் முடிவெடுக்கவும் வேண்டாம். ஆடியோ-டெக்னிகா ஏடி2020-க்கு 20 டெசிபல், ரோட் என்டி1-க்கு 4. தம்புராவையோ வீணையையோ தள்ளி வைத்துப் பதிவு செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. மின்விசிறி நின்றாலும் தெருச் சத்தம் கேட்கும் அறையில், அரை அடியில் நின்று பாடுகிறவருக்குப் பெரும்பாலும் அது அமுங்கிப் போகும்.

சரி, உரத்த இடங்களைத் தானாக அமுக்கி ஒலியளவைச் சமப்படுத்தும் கம்ப்ரஸருக்கு வருவோம். மைக் வாங்கியதும் அடுத்து ராக் சட்டத்தில் பொருத்தும் ஒரு தனி கம்ப்ரஸர் கருவி வாங்க வேண்டும் என்று நினைப்பவர்களை நான் தடுத்துத்தான் பார்க்கிறேன். முதலில், மைக்கை நேராக அதில் செருக முடியாது. மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கு, கம்ப்ரஸர் எதிர்பார்ப்பது அதைவிடப் பல மடங்கு வலுவான லைன் லெவல். நடுவில் அதைப் பெருக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் வேண்டும். வீட்டு இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலானவற்றில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, அதற்குப் பின்னால் கம்ப்ரஸரை நுழைக்க வழி இருக்காது. ஆக, தனி ப்ரீஆம்ப்பும் சேர்த்து வாங்க வேண்டும். இரண்டாவது, பதிவின்போதே அமுக்கிவிட்டால் பிறகு நிமிர்த்த வழியில்லை. டேப் காலத்தில், டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலுக்கு மேலே குரலை நிறுத்த அது தேவைப்பட்டது. இப்போதைய 24 பிட் டிஜிட்டல் பதிவில், எல்லையான பூஜ்யத்துக்குக் கீழே, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி நிதானமாகப் பதிவு செய்தால் போதும். மென்பொருளோடு வரும் கம்ப்ரஸரே வேலையை முடிக்கும்.

அதிலும் கை வேகமாகப் போகக்கூடாது. 1967-ல் வந்த '1176' என்ற கம்ப்ரஸரின் மென்பொருள் நகலைத் திறந்து, ஒலி எழுந்ததும் எவ்வளவு வேகமாக அமுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் அட்டாக் குமிழை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி 'மெதுவாக வைத்திருக்கிறேன்' என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் வலக்கோடிதான் மிக வேகம், ஒரு விநாடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. 'க', 'ட', 'ப' எல்லாம் முனை மழுங்கிப் போகும். குரலுக்கு நான் சாதாரண கம்ப்ரஸரில் 3:1 விகிதம் (வரம்பைத் தாண்டும் மூன்று டெசிபல் ஒன்றாகக் குறையும்), 10 முதல் 20 மில்லி விநாடி அட்டாக் என்று தொடங்கி, உரத்த இடங்களில் 4 அல்லது 5 டெசிபல் குறைகிற மாதிரி வைப்பேன். பத்து டெசிபல் அமுக்கி, பத்து டெசிபல் ஏற்றினால், வரிகளுக்கு நடுவே மூச்சு விடும் இடத்தில் மின்விசிறியும் அதே பத்து டெசிபல் மேலே வரும். பக்கத்து வீட்டு குக்கர் விசிலும் வரும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்டன்ஸரை ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் கேப்ஸ்யூலில் ஈரமும் தூசியும் சேர்ந்து மழைக்காலத்தில் பட்பட்டென்று பொரியும். பலர் மைக் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பாடி முடித்ததும் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்கினால் நல்லது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டிய நேரம்.