உடற்கல்விப் பட்டத்துக்குக் கடன் வாங்கும்போது கோட்டை விடும் இடங்கள்

உடற்கல்வி படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "வேலை கிடைக்குமா?" நியாயமான கேள்விதான். ஆனால் கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால் அது பாதிக் கேள்வி. கிடைக்கிற வேலையின் முதல் வருடச் சம்பளம் அந்தக் கடனைத் தாங்குமா என்பது மீதிப் பாதி. அதை யாரும் கேட்பதில்லை.

இருப்பதிலேயே பெரிய தவறு, கட்டணம் அதிகமான கல்லூரியில் படித்தால் சம்பளமும் அதிகமாக வரும் என்று நம்புவது. சில துறைகளில் கல்லூரிப் பெயருக்கு ஒரு விலை உண்டு. பள்ளி ஆசிரியர் வேலை அப்படியல்ல. அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு சம்பள அட்டவணை இருக்கும். என்ன தகுதி, எத்தனை வருட அனுபவம், இந்த இரண்டைத்தான் அது பார்க்கும். மூன்று மடங்கு கட்டணம் கட்டிப் படித்தவரும், சாதாரணக் கல்லூரியில் படித்தவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தால் ஒரே வரியில்தான் உட்காருவார்கள். தவணை மட்டும் ஒருவருக்கு மூன்று மடங்கு.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. வேறு பல படிப்புகளில் சம்பளத்தை ஊகிக்கத்தான் முடியும். இங்கே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே முடிவெடுக்கலாம். வேலை பார்க்க நினைக்கும் இடத்தின் அட்டவணையை வாங்கி முதல் வருடம், ஐந்தாம் வருடம், பத்தாம் வருடம் ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். தனியார் பள்ளி என்றால் அங்கே வேலை பார்க்கும் பி.டி. ஆசிரியர் ஒருவரிடம் நேரில் கேட்பதே உருப்படியான வழி. இணையத்தில் கிடைக்கும் சராசரிச் சம்பளத்தை அப்படியே நம்ப வேண்டாம். இருபது வருட அனுபவசாலியும், பெரிய அணிக்குப் பயிற்சி கொடுப்பவரும் சேர்ந்து அந்தச் சராசரியைத் தூக்கிவிட்டிருப்பார்கள். இடைநிலை மதிப்பு, அதாவது எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். அதிலும், படித்து முடித்து எத்தனை வருடம் ஆனவர்களின் கணக்கு என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, வாங்கிய தொகைதான் கடன் என்று நினைப்பது. நான்கு வருடப் படிப்பு, வருடத் தொடக்கத்தில் 25,000 வீதம் மொத்தம் 1,00,000, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் கட்ட வேண்டாம் என்பார்கள். கட்ட வேண்டாம், சரி; வட்டி நிற்குமா என்று கேட்டீர்களா? நிற்காத கடன் என்றால், முதல் தொகைக்கு நான்கு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, அப்புறம் இரண்டு, ஒன்று. தனிவட்டியாகப் பார்த்தாலே 25,000 சேர்ந்துவிடும். பட்டம் கைக்கு வரும் நாளில் கடன் 1,25,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 1,652 கட்ட வேண்டும். 1,00,000 என்று மட்டும் மனதில் வைத்திருந்தவர் 1,322 என்று கணக்குப் போட்டிருப்பார். படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவர முடிந்தால் இந்த வித்தியாசம் வராது.

தவணை கனக்கிறதே என்று காலத்தை இருபது வருடமாக நீட்டுபவர்கள் உண்டு. 1,00,000 கடனுக்கு மாதத் தவணை 1,322-லிருந்து 965 ஆகக் குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 1,58,600-லிருந்து 2,31,600 ஆகிவிடும்.

மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு பொது விதி சொல்வார்கள். பரவாயில்லை, ஆனால் வட்டியைப் பார்க்காமல் அதைப் பிடித்துக்கொள்வதும் தவறுதான். கடனும் வருடச் சம்பளமும் சமம் என்றால், பத்து வருடத் தவணை 5 சதவீத வட்டியில் சம்பளத்தில் 13 சதவீதத்துக்குள் அடங்கும். 10 சதவீத வட்டியில் கிட்டத்தட்ட 16 சதவீதம். அதுவும் வரி, பிடித்தம் எல்லாம் போவதற்கு முந்தைய சம்பளத்தில். வட்டி அதிகமாக இருந்தால், கடன் முதல் வருடச் சம்பளத்தில் பாதிக்குமேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

"மாலையில் கோச்சிங் எடுத்துச் சமாளித்துவிடலாம்" என்பது இந்தப் படிப்புக்கே உரிய கனவு. ஒரு அணிக்குப் பன்னிரண்டு வாரப் பருவம் என்று வையுங்கள். வாரம் ஐந்து நாள் இரண்டு மணி நேரப் பயிற்சி, ஒரு நாள் போட்டிக்காக ஐந்து மணி நேரம். மொத்தம் 180 மணி நேரம். கொடுக்கும் தொகையை 180-ஆல் வகுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். பருவம் முடிந்தால் அந்த வருமானம் நின்றுவிடும், தவணை நிற்காது. கால் முட்டி ஒன்று பிசகினாலும் அப்படித்தான். கோச்சிங் பணம் வந்தால் கடனைச் சீக்கிரம் அடைக்க உதவட்டும். தவணையை அதை நம்பி வைக்காதீர்கள்.

சேரும் முன்பே கேட்க வேண்டிய ஒன்று: இந்தப் பட்டம் ஆசிரியர் பணிக்கான தகுதியாக ஏற்கப்படுமா? உடற்கல்வி, விளையாட்டு அறிவியல், உடலியக்கவியல் என்று பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சிலவற்றை முடித்தபின் ஆசிரியர் பயிற்சிக்குத் தனியாக இன்னொரு வருடமும் இன்னொரு கடனும் தேவைப்படும்.

பயிற்சி ஆசிரியராகப் பள்ளிக்கு அனுப்பும் பருவத்தையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சம்பளம் இருக்காது. காலையிலிருந்து மாலைவரை மைதானத்தில் நின்றுவிட்டு, இரவில் மறுநாளுக்கான பாடத்திட்டம் எழுத வேண்டியிருக்கும். அதுவரை பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளித்தவர்கள் அதை விட வேண்டி வரும். கடைசி வருடத்தில் அவசரக் கடன் வாங்குவது அநேகமாக இங்கேதான். அந்தச் சில மாதச் சாப்பாடு, வாடகை, பயணச் செலவை முதல் வருடத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள்.

முதுகலையை உடனே தொடரலாமா என்றால், மறுபடி அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். முதுகலைக்கு அதில் கூடுதல் சம்பளம் இருந்தால், வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். சில இடங்களில் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பள்ளி நிர்வாகமே ஏற்றுக்கொள்வதும் உண்டு, இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்.