எண்ணெய் ஒரு லிட்டர்னா ஒரு கிலோ கிடையாது, கணக்கு போடுறது இப்படித்தான்

போன மாசம் செக்குல கடலெண்ணெய் 5 கிலோ வாங்கலாம்னு போனேன், கையில 5 லிட்டர் கேன் ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தேன். தராசுல வச்சு ஊத்துறாங்க, கேன் வாய் வரைக்கும் வந்திருச்சு, ஆனா தராசு நாலரைய கொஞ்சம் தாண்டித்தான் நிக்குது. மிச்சத்துக்கு அங்கயே ஒரு பாட்டில் வாங்கி அதுல ஊத்திட்டு வந்தேன். அங்க நின்ன ரெண்டு பேருக்கும் இதே சந்தேகம் இருந்துச்சு, அதான் விவரமா எழுதிடலாம்னு.

தண்ணி 1 லிட்டர்னா 1 கிலோ. எண்ணெய் தண்ணிய விட லேசு, ரசத்துல தாளிச்சுக் கொட்டினா மேல மிதக்குதுல்ல, அதே காரணம்தான். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், சன்ஃப்ளவர், பாமாயில் எல்லாமே 1 லிட்டர் ஏறக்குறைய 910ல இருந்து 920 கிராம்தான் வரும், வீட்டுக் கணக்குக்கு 910னு வச்சுக்கங்க போதும். விளக்கெண்ணெய் மட்டும் கெட்டி, அது 960 கிராம் கிட்ட வரும்.

அப்ப லிட்டரை கிலோவாக்க 0.91ஆல பெருக்கணும், கிலோவை லிட்டராக்க 0.91ஆல வகுக்கணும். 1 கிலோ எண்ணெய்னா கிட்டத்தட்ட 1100 மில்லி, அதனால செக்குக்குப் போறப்ப கிலோவுக்கு 100 மில்லி கூடுதலா பிடிக்கிற பாத்திரமா பாத்து எடுத்துட்டுப் போங்க.

இதுல உண்மையிலேயே காசு போற இடம் டின் வாங்குறப்பதான். 15 கிலோ டின்னும் இருக்கு, 15 லிட்டர் டின்னும் இருக்கு, பக்கத்துல வச்சா சட்டுனு வித்தியாசம் தெரியாது. 15 லிட்டர்ங்கிறது 13.65 கிலோதான். இப்ப 15 கிலோ டின் 2700 ரூபா, 15 லிட்டர் டின் 2600 ரூபானு வச்சுக்கங்க, பாத்தா ரெண்டாவதுதான் 100 ரூபா கம்மி, ஆனா கிலோவுக்குப் போட்டுப் பாத்தா முதல் டின் 180, ரெண்டாவது 190 ரூபா. கல்யாணம் காதுகுத்துனு மொத்தமா வாங்குறவங்க தயவுசெஞ்சு இதைப் பாத்து வாங்குங்க.

கடையில நின்னு மனசுலயே போட ஒரு வழி இருக்கு. லிட்டர் ரேட்டை கிலோ ரேட்டா மாத்த பத்துல ஒரு பங்கு கூட்டிக்கங்க, லிட்டர் 170னா கிலோ 187. கிலோ ரேட்டை லிட்டராக்க பத்துல ஒரு பங்கு கழிச்சுட்டு நூத்துல ஒரு பங்கு திரும்பக் கூட்டுங்க, கிலோ 200னா லிட்டர் 182.

பாக்கெட்டுல 1 லிட்டர்னு போட்டு பக்கத்துலயே கிராமும் போட்டிருப்பாங்க, அந்த கிராமைத்தான் நம்பணும். ஏன்னா எண்ணெய் சூட்டுல விரியும். சோயா எண்ணெய் 1 லிட்டர் 21 டிகிரில 919 கிராம், அதே 60 டிகிரில 892 கிராம் சொச்சம்தான். முன்னாடி சில கம்பெனிக்காரங்க பாக்கெட்டுல இந்த மாதிரி அதிக வெப்பநிலைய போட்டு, கம்மி கிராமையே 1 லிட்டர்னு கணக்கு காட்டிட்டு இருந்தாங்க, 2022ல மத்திய நுகர்வோர் துறை வெப்பநிலை போடாம எடையும் சேத்துப் போடச் சொல்லிருச்சு. இன்னொண்ணு, சில பாக்கெட் பாக்க லிட்டர் சைஸ்லயே இருக்கும், உத்துப் பாத்தா 850 கிராம், 800 கிராம்னு இருக்கும், அதையும் கவனிங்க.

வீட்டுல செக் பண்ண சமையல் தராசு போதும். காலிப் பாத்திரத்தை வச்சு ஜீரோ பண்ணிட்டு பாக்கெட்டை முழுசா வடிய விட்டு ஊத்துங்க, 1 லிட்டருக்கு 910 கிட்ட வந்தா சரி, உறையில ஒட்டினதுக்கு சில கிராம் விட்டுக்கொடுங்க. பொரிச்ச சூட்டோட எண்ணெயை மில்லி கணக்குல அளக்காதீங்க, ஆறினப்புறம் அளங்க. தேங்காயெண்ணெய் குளிருக்கு உறைஞ்சு போயிருந்தா எடை மாறாது, தைரியமா கிராம்லயே எடுக்கலாம்.

கேக் செய்யிறவங்களுக்கு: டீஸ்பூன் 5 மில்லி, நாலரை கிராம். டேபிள்ஸ்பூன் 15 மில்லி, 14 கிராம் கிட்ட. அரை கப் 120 மில்லினா 109 கிராம், அதுக்கு தராசுல 120 கிராம் வச்சுட்டீங்கன்னா முக்கால் டேபிள்ஸ்பூன் எண்ணெய் கூடப் போயிடும், கேக் பிசுபிசுன்னு ஆயிடும்.