மாடும் மேயணும், வானம்பாடியும் குஞ்சு பொரிக்கணும்

நிலம் முழுக்க ஒரே மட்டத்தில் மேய்ந்து கிடந்தால் கண்ணுக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். தரையில் கூடு கட்டும் பறவைக்கு ஒதுங்க இடம் இருக்காது. ஆள்காட்டிக்குக் குட்டைப் புல் போதும். காடைக்கு மறைவும் வேண்டும், குஞ்சுகள் ஓட தூர்களுக்கு நடுவே வெறுந்தரையும் வேண்டும். கீச்சான் முள்புதரைத் தேடும். அதனால் புல் உயரம் இடத்துக்கு இடம் மாறுபடுவதே நல்லது.

நிலத்தை நான்கைந்து துண்டுகளாகப் பிரித்து, பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது மாடு ஏறாமல் விடுங்கள். எத்தனை நாள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வானம்பாடி கூடு கட்ட நாலைந்து நாள், நாளுக்கொன்றாக மூன்று நான்கு முட்டை, அடைகாக்க 11 முதல் 13 நாள், குஞ்சு கூட்டை விட்டு இறங்க 8 முதல் 10 நாள், அதன்பின் நன்றாகப் பறக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். கூட்டினால் ஐந்து, ஆறு வாரம். 25 நாளில் மாடு திரும்பி வரும் சுழற்சியில் புல் தேறிவிடும். குஞ்சு குளம்பில் மிதிபடும். ஆறு முதல் எட்டு வாரம் விட்டால்தான் பயன். வேலியோரமாக ஒடுக்கமான பட்டையை ஒதுக்காதீர்கள், நரியும் நாயும் அதன் வழியேதான் மோப்பம் பிடித்து வரும். மரவரிசையிலிருந்து தள்ளி, அகலமான துண்டாகப் பாருங்கள்.

மற்ற துண்டுகளில் புல் 10 செ.மீ.க்கு இறங்குமுன் மாட்டை மாற்றுங்கள். குச்சியில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு இருபது இடத்தில் ஊன்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். போன பருவத்துக் காய்ந்த புல்லில் கொஞ்சம் நிற்கட்டும், முதலில் கூடு கட்டும் பறவைக்கு அதுதான் மறைவு.

காலடியிலிருந்து ஒரு பறவை எழுந்து, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு போனால் நில்லுங்கள். முட்டையோ குஞ்சோ பக்கத்தில்தான் இருக்கும். தேடிப் புல்லை விலக்காமல் வந்த வழியே திரும்புங்கள். அடையாளக் குச்சியைப் பத்து மீட்டர் தள்ளி நடுங்கள். கூட்டருகே நட்டால் காகம் அதில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடும்.

புல் அறுப்பதானால் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வாருங்கள். ஓரத்திலிருந்து சுற்றினால் குஞ்சுகள் நடுவில் சிக்கும். இரவில் அறுக்கவே வேண்டாம்.

புதரை ஒரே ஆண்டில் மொத்தமாக வெட்டாமல், ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். அதுவும் கூடு கட்டும் பருவம் முடிந்தபின். புல்வெளி நடுவே மரம் நடுவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்: திறந்தவெளிப் பறவைகள் விலகிப்போகும், வல்லூறுக்கு உட்காரக் கிளை கிடைக்கும்.

ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து போட்ட மாட்டின் சாணத்தில் வண்டுப் புழுக்கள் சாகும், பறவைக்கு இரை குறையும். எல்லா மாட்டுக்கும் வழக்கமாகப் போடாமல் தேவையானதற்கு மட்டும் போட்டு, இரண்டு வாரமாவது கூடு கட்டும் துண்டுக்கு வெளியே கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். தவறி விழுந்த பறவை ஏறிவர அது போதும்.