மரம், நான், வரேன்: பிள்ளைப்பருவத்துக்கு விடைசொல்லும் பிரெஞ்சுப் பாட்டைப் பாடக் கற்பது

பெங்களூரில் பி.யூ.சி.க்கு (நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ) இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்துப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். கல்லூரி விழா, வசந்த் நகர் அலியான்ஸ் பிரான்சேஸ் மேடை, ஜூன் 21 இசை நாள் என்று பாட வாய்ப்பு வந்தால், பலருக்கும் மனம் போவது மெதுவான பியானோப் பாட்டின் மேல்தான். வளர்ந்துவிட்ட பிள்ளை, பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கிளம்பும் வகைப் பாட்டு. மெட்டு இரண்டு நாளில் வந்துவிடும். வார்த்தை வராது. அதற்கு நாக்கைக் குறை சொல்ல வேண்டாம். பாட்டைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளும் தாள்தான் காரணம். 'ஆன்ஃபான்ஸ்' என்று எழுதியதுமே வாய் ஒவ்வொரு 'ன்'னையும் அழுத்திச் சொல்லிவிடுகிறது. பிரெஞ்சில் அந்த இடத்தில் 'ன்' ஒலியே கிடையாது. எழுத்துத் தமிழ் கெடுக்கும் இதைப் பேச்சுத் தமிழ் சரிசெய்துவிடும்.

எந்தப் பாட்டு?

பிரெஞ்சுப் பாடகர் ரெனோ 1985-இல் பாடிய 'மிஸ்த்ரால் கஞா~' ('~' என்பது மூக்கில் ஒலிக்கும் உயிருக்கான குறி) கிட்டத்தட்டப் பேசுவது போலவே போகும். குரல் அதிகம் ஏறாது. தலைப்பு ஒரு பழைய பொடி மிட்டாயின் பெயர். பொட்டலத்துக்குள் 'ஜெயித்தது' என்று இருந்தால் இன்னொன்று இலவசம். 'கஞா~' என்றால் அதுதான் பொருள். மிஷேல் சார்துவின் 'ஜெ வோல்' 1978-இல் வந்தது. பெற்றோரிடம் சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளையின் பாட்டு. 2014-இல் ஒரு படத்தில் பாடகி லுவான் அதைப் பாடிய பிறகு புதிய தலைமுறையும் அதைக் கேட்கத் தொடங்கியது. அதற்கு மூச்சும் குரல் வீச்சும் வேண்டும். முதல் முறை மேடையேறுபவர்கள் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டையே எடுப்பது நல்லது. உச்சத்தைப் பிடிக்கும் கவலையில் உச்சரிப்பு முதலில் போய்விடும்.

முதல் வாரம் மெட்டைத் தொடாதீர்கள்

'மரம்' என்று எழுதுகிறோம். வீட்டில் பேசும்போது உதடு மூடுவதே இல்லை. 'மரோ~' என்று மூக்கில் ஒலித்து நிற்கிறது. 'நான்' பேச்சில் 'நா~', 'வரேன்' பேச்சில் 'வரே~'. பிரெஞ்சு கற்கும் ஆங்கிலேயர் மாதக்கணக்கில் போராடும் மூக்கொலி உயிர்கள் மூன்றும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'மேஸோ~' (வீடு) என்பதன் கடைசி, 'மரம்' பேச்சில் முடியும் இடம். உதட்டை இன்னும் கொஞ்சம் குவியுங்கள். 'ஆ~ஃபா~' (குழந்தை) என்பதில் வருவது 'நான்' பேச்சில் முடியும் இடம். ஒலி சற்றுப் பின்னால், தொண்டைப் பக்கம் போக வேண்டும். 'ஜர்தே~' (தோட்டம்) முடிவது 'வரேன்' போல. தாடையை இன்னும் திறந்து, உதட்டை விரித்துச் சொல்லுங்கள்.

கண்ணாடி முன் நின்று சரிபாருங்கள். சொல்லி முடிக்கையில் உதடு ஒட்டினாலோ நுனிநாக்கு மேலே தொட்டாலோ தவறு. பிறகு ஒலியை நீட்டிக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள்: ஒலி மாறினால் மூக்கொலி வருகிறது, மாறாவிட்டால் வெறும் 'ஆ'தான் சொல்கிறீர்கள்.

சொல்லின் இறுதியில் உதவும் தமிழ், நடுவில் காலை வாரும். நமக்கு 'ந்த', 'ம்ப', 'ங்க' என்று இன எழுத்தைச் சேர்த்தே பழக்கம். அதனால் 'ஷா~த்' (பாடு) என்ற சொல் 'ஷாந்த்' ஆகிவிடும். 'ஷா~' என்று நிறுத்தி, ஒரு விநாடி விட்டு, 'த்' சொல்லுங்கள். இருபது முறை சொல்லச் சொல்ல இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இதில் சோம்பல் கூடாது. மூன்று உயிர்களும் கலந்தால் பொருளே மாறும்: 'வா~' காற்று, 'வே~' திராட்சை மது. பள்ளிக்கூட வாசலில் காற்று வீசும் சோகமான வரியில் மது வீசினால், பிரெஞ்சு தெரிந்தவர் முகத்தில் அது தெரியும்.

தாளை எழுதும் முறை

'ன்', 'ம்' எழுதாதீர்கள். உயிரின் மேல் நெளிகோடு போடுங்கள். பிரெஞ்சில் 'யூ' எழுத்தின் ஒலி, நாக்கு 'ஈ' சொல்ல, உதடு 'ஊ' சொல்வது. அதைத் தாளில் 'ஊ' என்று எழுதினால் தொலைந்தது. 'ஈ' எழுதி வட்டம் போடுங்கள். 'ஈ...' என்று நீட்டி, நாக்கை அசைக்காமல், விசில் அடிப்பது போல் உதட்டை மட்டும் குவித்தால் வந்துவிடும். அதேபோல் 'ஏ'க்கு வட்டம் போட்டால், 'நீலம்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் உயிர். 'ஜெ' என்று எழுதுவது உண்மையில் 'ஜ' இல்லை. 'ஷ்ஷ்' சொல்லிக்கொண்டே குரலைச் சேர்த்தால் வரும் ஒலி. 'வ'வுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட்டு அதிர வேண்டும். 'ட', 'ட்' தாளில் எங்குமே வரக்கூடாது. பிரெஞ்சின் 'த'வும் 'ப'வும் 'பத்து', 'பாப்பா'வில் வருபவைதான். ஆங்கிலவழியில் படித்தவர்கள்தான் இங்கே இடறுகிறார்கள்.

'ர' மட்டும் தொண்டையில். வாய் கொப்பளிக்கும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் மெல்ல உரசுங்கள். வராவிட்டால் நம் 'ர'வையே மென்மையாகச் சொல்லலாம், யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். 'ற' போல உருட்டாதீர்கள்.

பயிற்சிக்கென்றே கட்டிய இரண்டு வரிகளைப் பாருங்கள். முதல் வரியின் பொருள், 'என் பிள்ளைப்பருவம் தோட்டத்தில் இருக்கிறது':

மோ~ – நா~ – ஃபா~ – செ – தா~ – லெ – ஜர் – தே~

எட்டு அசை, எட்டு ஸ்வரம். 'மோ~' (என்), 'ஆ~ஃபா~ஸ்' (பிள்ளைப்பருவம்) என்ற இரண்டும் சேரும்போது நடுவில் 'ந' பிறக்கிறது. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூலில் படித்தது அப்படியே இங்கே நடக்கிறது. 'ஆ~ஃபா~ஸ்' பெண்பால் சொல். ஆனாலும் உயிரில் தொடங்குவதால், 'என்' என்பதன் பெண்பால் வடிவமான 'மா' வராது, 'மோ~'தான். 'மா ஆ~ஃபா~ஸ்' என்று பாடினால் இலக்கணப் பிழை மேடையில் கேட்கும். அடுத்து 'ஃபா~ஸ்'ஸின் 'ஸ்', 'இருக்கிறது' என்ற 'எ'யோடு ஒட்டி 'செ' ஆகிறது. இரண்டையும் பிரித்துப் பாடினால் ஒன்பது அசையாகி மெட்டுக்கு வெளியே தள்ளும்.

இரண்டாம் வரி, 'நீலக் கதவு இனித் திறக்காது' ('○' தாளில் போடும் வட்டம்):

லா – போர் – தெ – ப்லே○ – நெ – ஸூ – வ்ரெ – ப்லீ○

பேச்சில் 'போர்த்' ஒரே அசை. பாட்டில் ஒரு ஸ்வரம் கூடுதலாக இருப்பதால் ஒளிந்திருந்த 'எ' வெளியே வந்து 'போர்–தெ' ஆகிறது. தமிழர்களுக்கு இதைக் குற்றியலுகரம் என்று சொன்னால் உடனே புரியும். 'பாட்டு' என்பதன் கடைசி உகரம் அரை மாத்திரைதான். அந்த எடைதான் இந்த 'தெ'க்கும், உதடு மட்டும் லேசாகக் குவியட்டும். 'நாடு', 'எங்கே' சேர்ந்தால் 'நாடெங்கே' என்று உகரம் கெடுகிறதே, அப்படியே முதல் வரியில் 'ஃபா~ஸ்'ஸின் எகரமும் உயிருக்கு முன்னால் கெட்டது. எந்த எகரம் ஒலிக்கும், எது கெடும் என்று ஊகிக்க வேண்டாம். மூலப் பதிவைக் கேட்டு, வரிக்கு எத்தனை ஸ்வரம் என்று விரலில் எண்ணி, அத்தனை அசைகளாகத் தாளில் கோடு போடுங்கள்.

கடைசி 'ப்லீ○'யில் 'ஸ்' சேர்க்கவே கூடாது. 'இனி இல்லை' என்ற பொருளில் அது ஒலிக்காது. ஒலித்தால் 'இன்னும் அதிகமாக' என்ற சாயல் வந்துவிடும். விடைபெறும் பாட்டு முழுக்க நிற்பது இந்தச் சொல்லின் மேல்.

வார்த்தைக்குப் பின்னால் இருப்பது

அகராதிப் பொருள் மட்டும் தெரிந்தால் குரலில் ஏதும் ஏறாது. 'மரெல்' என்றால் நம் பாண்டி ஆட்டம். கட்டங்களின் அடியில் 'பூமி', உச்சியில் 'வானம்' என்று எழுதியிருக்கும். 'பீய்' கோலிக்குண்டு. 'கீ○தே' என்று ஒலிக்காதீர்கள், வட்டம் இல்லாத 'கூதே': பள்ளி விட்டு வந்ததும் சாயங்காலம் தின்னக் கொடுப்பது. 'ரா~த்ரே' செப்டம்பரில் பள்ளி திறப்பது. பாட்டில் பழைய 'தன்னையே' கூப்பிடும் இடத்தில் வரும் 'தீ○' நம் 'நீ'. 'வூ' நம் 'நீங்க'. நீ, நீங்க வித்தியாசம் ஆங்கிலத்தில் போய்விடும், அதனால் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துப் பாட்டைப் புரிந்துகொள்ளாதீர்கள். 'விட்டுப் போவது'க்கும் மூன்று சொற்கள்: 'கித்தே' ஒன்றை அல்லது ஒருவரைப் பிரிந்து போவது, 'பர்தீர்' கிளம்புவது, 'லெஸே' எதையோ விட்டுவிட்டுப் போவது. மூன்றும் ஒரே மாதிரி பாடப்பட்டால் பாட்டு தட்டையாகும்.

சுருதி

கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு 1 கட்டை என்பது சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. தங்கள் கச்சேரி சுருதியையே இங்கேயும் வைப்பதுதான் பொதுவான தவறு. சரணம் மந்தர பஞ்சமம் வரை இறங்கி, பல்லவி மேல் ரிஷபம் வரை போகும் பாட்டாக இருந்தால், 5½ கட்டைப் பெண்குரலுக்கு அந்த மந்தர பஞ்சமம் வெறும் காற்றாகத்தான் வரும். 7 கட்டைக்கு ஏற்றினால் கீழும் நிற்கும், மேலும் எட்டும். முடிவெடுக்கும் முன் கடைசிப் பல்லவியைக் கேளுங்கள்: அங்கே சுருதியே அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏறும் பாட்டுகள் உண்டு. அந்த உச்சத்தை வைத்துத்தான் தொடக்கத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

சுருதிப்பெட்டியை அணைத்துவிடுங்கள். பியானோவில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம் (கார்டு) மாறிக்கொண்டே இருக்கும். நிலையான ஸட்ஜம் அதோடு உரசும். தம்பூராவுக்குப் பழகிய அந்தர காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே இருக்கும். பாடுபவருக்குச் சுத்தமாகத் தோன்றும், கேட்பவருக்கு இறங்கியதாகப்படும். கீபோர்டில் அந்த ஒரு ஸ்வரத்தை அழுத்திக்கொண்டே தினமும் ஐந்து நிமிடம் சேர்ந்து பாடினால் ஒரு வாரத்தில் சரியாகும். கமகம் வேண்டாம். ஸ்வரத்தை நேராகப் பிடித்து, முடியும் தறுவாயில் மட்டும் லேசாக அதிரவிடுங்கள். அழுகைக் குரலும் வேண்டாம். இந்தப் பாட்டுகள் கண்ணீரை அடக்கிக்கொண்டு பேசுபவரின் குரலுக்கு எழுதப்பட்டவை.

வேகத்துக்கு மெட்ரனோமில் நிமிடத்துக்கு 70 வைத்து, வார்த்தையை மட்டும் தாளத்தில் சொல்லிப் பாருங்கள். வரி பெரும்பாலும் தட்டு விழும் முன்பே தொடங்கும். அதைக் கவனிக்காவிட்டால் 'லா', 'லெ' போன்ற சின்னச் சொற்களில் அடி விழுந்து, ஆங்கிலப் பாட்டு போல ஆகிவிடும். பிரெஞ்சில் எடை சொற்றொடரின் கடைசி அசையில்தான். மூச்சும் அங்கே மட்டும். 'மோ~', 'ஆ~ஃபா~ஸ்' நடுவில் மூச்சு வாங்கினால் அந்த 'ந' அறுந்துபோகும்.

மைக் சரணத்தில் நான்கு விரற்கடை, பல்லவியில் ஒரு சாண். பொது மேடையில் பாட ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான உரிமைத்தொகை அமைப்பு) உரிமம் நிகழ்ச்சியை நடத்துபவர் எடுத்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். பாட்டைத் தமிழாக்கிப் பாடுவதானால் உரிமை வைத்திருப்பவரின் எழுத்துமூல அனுமதி தேவை.

மேடைக்கு ஒரு வாரம் முன்பு, பிரெஞ்சு தெரிந்த, ஆனால் இந்தப் பாட்டைக் கேட்டிராத ஒருவர் முன் பாடுங்கள். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். காதில் விழுந்ததை வரி வரியாக எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதை மூலத்தோடு வைத்துப் பார்த்து, மாறியிருக்கும் சொற்களை மட்டும் தாளில் சிவப்பால் சுழித்து, மீதி நாட்களில் அவற்றை மட்டும் பழகுங்கள்.