கால் வீக்கத்துக்கு அழுத்தக் காலுறை: அளவெடுப்பது முதல் மாட்டுவது வரை

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர்களுக்கு இந்த வீக்கத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் கொலுசு சதைக்குள் புதைந்திருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்றார்கள். அதற்குள் என் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது.

ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப் கெண்டைக்கால் சதைதான். அசையாமல் நின்றால் பம்ப் ஓடாது. ரத்தக்குழாய் வால்வுகளும் பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கி, நீர் கசிந்து வீங்கும். காலுறை வெளியிலிருந்து அழுத்தி அதைத் தடுக்கிறது.

ஆனால் கடைக்குப் போகும் முன் டாக்டரைப் பாருங்கள். இரண்டு காலும் வீங்கி மூச்சு வாங்கினாலோ, முகமும் உப்பினாலோ இதயம், சிறுநீரகம் பார்க்க வேண்டும். அம்லோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையாலும் கால் வீங்கும். ஒரு கால் மட்டும் திடீரென வலியோடு வீங்கினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை உள்ளவர்கள், புகைப்பவர்கள் காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று பார்க்காமல் காலுறை போடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நீர் மாத்திரை போடுவதும் வேண்டாம், அது வால்வைச் சரிசெய்யாது.

சரி, அளவு. பலரும் வேலை முடிந்து, வீங்கிய காலோடு மெடிக்கலுக்குப் போகிறோம். அவர்களும் பார்த்தவுடன் "மீடியம் போதும்" என்கிறார்கள். மறுநாள் காலையில் அது தொளதொளவென்று வழியும். எழுந்ததும், கட்டிலை விட்டு இறங்கும் முன்பே தையல் டேப்பை எடுங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, மிக மெலிந்த இடத்தின் சுற்றளவு; கெண்டைக்காலில் பருத்த இடத்தின் சுற்றளவு; குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புக்குக் கீழ் வரை நீளம். இரண்டு காலையும் தனித்தனியாக எடுத்து, அட்டைப்பெட்டியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அழுத்தம் எவ்வளவு என்பது டாக்டர் எழுதுவது. பலருக்கு முழங்கால் வரையிலானதே போதும்.

மாட்டும்போது காலில் எண்ணெயோ ஈரமோ இருக்கக் கூடாது. காலுறைக்குள் கைவிட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்வெளியாகத் திருப்புங்கள். பாதத்தை நுழைத்து, குதிகால் பை குதிகாலில் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள். அப்புறம் உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தேய்த்து ஏற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிழியும். நீளம் மிஞ்சினால் மடித்துவிடாதீர்கள், மடித்த இடம் கயிறு கட்டியது போல இறுக்கிவிடும். கீழே தடவி இறக்கிப் பரப்புங்கள்.

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டால் நன்றாகப் பிடி கிடைக்கும். நான் விரல் திறந்த வகைதான் வாங்குவேன். நம் வெயிலுக்கு அது தேவலை. ஒரு வசதியும் உண்டு: பாதத்தில் வழுவழுப்பான பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதன்மேல் காலுறையை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு கவரை விரல் பக்கம் உருவிவிடலாம். கிரேப் பேண்டேஜ் எனக்குச் சரிப்படவில்லை. மதியத்துக்குள் அவிழ்ந்து கணுக்காலில் சுருண்டுவிடுகிறது.

டாக்டர் வேறு சொல்லாவிட்டால் இரவில் கழற்றிவிடுங்கள். தேங்காயெண்ணெய் தடவ அதுதான் நேரம். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினால், தலையணை போல நடுராத்திரியில் நழுவாது. பகலில் நிற்கும்போது குதிகாலை ஏற்றி இறக்குங்கள், பம்ப் ஓடும்.

பின்சேர்க்கை: "குளித்த பிறகு போடலாமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். எழுந்ததும் போடுவதே நல்லது; குளித்து, சமைத்து முடிப்பதற்குள் வீக்கம் தொடங்கிவிடும். குளித்த பிறகுதான் முடியும் என்றால் காலை நன்றாகத் துடைத்து, சுவரில் தூக்கி வைத்துக் கால் மணி நேரம் படுத்துவிட்டு மாட்டுங்கள். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றி, டாக்டரிடம் காட்டுங்கள். துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப் போடுங்கள். தினமும் போட்டால் ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வாங்கும்போது அளவை மறுபடி எடுங்கள்.